எஃப்.பி.எஸ்.ஓ.: எண்ணெயெடுப்புக் கலம்

ஆழ்கடல் எண்ணெய் வயல்களைப் பற்றிய செய்திகளில் ‘எஃப்.பி.எஸ்.ஓ.’ என்ற எழுத்துச் சுருக்கம் அடிக்கடி வருகிறது. ‘ஃபுளோட்டிங் புரொடக்‌ஷன் ஸ்டோரேஜ் அண்ட் ஆஃப்லோடிங்’ என்பது இதன் விரிவு. கடலடிக் கிணறுகளிலிருந்து வரும் எண்ணெயைப் பிரித்தெடுத்து, தன்னுள் தேக்கி, வேறு கப்பலுக்கு மாற்றித் தரும் கப்பலை இது குறிக்கும். மிதத்தல், எடுத்தல், சேமித்தல், இறக்குதல் என நான்கு செயல்களைச் சொல்லும் இப்பெயர், அவற்றைச் செய்யும் பொருள் எது என்பதைச் சொல்லவில்லை. ஆகவே தமிழாக்குபவர் முதலில் தேட வேண்டியது விடுபட்ட அந்தப் பெயர்ச்சொல்லைத்தான்.

அது தமிழில் ஆயத்தமாகவே இருக்கிறது. ‘கலம்’ என்பது மரக்கலத்தையும் குறிக்கும், உண்கலத்தையும் குறிக்கும். கப்பல்களை அழைக்கும் விளக்கு கலங்கரை விளக்கம் ஆனது முதற்பொருளால். பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தலளவைக்கும் இதுவே பெயர். (எண்ணெயை அளக்கும் பீப்பாயும் இப்படிக் கொள்கலமாயிருந்து அளவையானதே; ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர்.) கப்பலாகவும் கொள்கலமாகவும் ஒருங்கே இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

‘மிதக்கும்’ என்ற அடை, கடலடியில் கால் ஊன்றிய நிலைமேடைகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவே ஆங்கிலத்தில் சேர்ந்தது. கலம் என்றாலே மிதப்பதுதான் என்பதால் தமிழில் அந்த அடை மிகை. ‘மிதவை’ என்றாலோ, கடலில் அடையாளத்துக்கும் கப்பலைக் கட்டுவதற்கும் பயன்படும் மிதவைகளோடு குழப்பம் நேரும்.

சிக்கலானது ‘உற்பத்தி’. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் ‘முன்னே கொண்டுவருதல்’ என்றும், உற்பத்தியின் வடமொழி வேர் ‘தோன்றுதல்’ என்றும் பொருள்படுவன; ஆறு ‘உற்பத்தியாகும்’ இடம் என்று நாம் சொல்வது அந்தப் பழம்பொருளில்தான். இன்றைய வழக்கில் அச்சொல் ஆலையில் செய்தல் என்பதாகச் சுருங்கிவிட்டது. இக்கலம் எண்ணெயைச் செய்வதில்லை. பெரும்பாலும் கிணறு தோண்டுவதும் இல்லை. கடலடிக் கிணறுகளிலிருந்து குழாய் வழியே மேலேறி வரும் கலவையை எண்ணெய், எரிவளி, நீர் என்று பிரிக்கிறது; எரிவளியில் ஒரு பகுதியைத் தன் எரிபொருளாக்கிக்கொள்கிறது, எஞ்சியதைப் பல வயல்களில் மீண்டும் நிலத்தடிக்கே செலுத்துகிறது. ஆகவே ‘எடுப்பு’ என்பதே நேரான சொல்.

சேமிப்பு என்பதைவிடத் தேக்கம் நன்று. நீர்மத்தைத் தேக்குவதுதான் தமிழ் வழக்கு. கடைசிச் செயலை ‘இறக்குதல்’ என்றால் துறைமுகத்தில் சரக்கு இறக்குவது நினைவுக்கு வருகிறது. இங்கே நடப்பதோ, நங்கூரமிட்டு நிற்கும் கலம் தன்னை நாடி வரும் எண்ணெய்க் கப்பலுக்குக் குழாய் மூலம் எண்ணெயை மாற்றுவது; அதை ‘ஏற்றியனுப்பல்’ எனலாம். முழுப்பெயர் வேண்டுமிடத்தில் ‘எண்ணெய் எடுப்பு, தேக்க, ஏற்றியனுப்பல் கலம்’ என்றும், பிற இடங்களில் ‘எண்ணெயெடுப்புக் கலம்’ என்றும் எழுதலாம்.

இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுவது, ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்பகுதியில் 1977இல் பணியைத் தொடங்கிய ‘ஷெல் காஸ்டெல்லான்’. அது எண்ணெய்க் கப்பலொன்றை மாற்றியமைத்துச் செய்யப்பட்டது. கரைவரை குழாய் பதிப்பது கட்டுப்படியாகாத தொலைவுகளிலும், நிலைமேடை எட்டாத ஆழங்களிலும் இம்முறை பரவியது. தென் அமெரிக்க நாடான கயானாவின் கடலில், லிசா வயலில், 2019 டிசம்பரில் எடுப்பைத் தொடங்கிய ‘லிசா டெஸ்டினி’ நாளொன்றுக்கு 1,20,000 பீப்பாய் எடுக்கும் திறனோடும், 16 லட்சம் பீப்பாய் தேக்கும் கொள்ளளவோடும் வடிவமைக்கப்பட்டது.

அந்த வயலை நடத்துவது அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில். கலத்தைக் கட்டி வாடகைக்கு விட்டது நெதர்லாந்தின் எஸ்.பி.எம். ஆஃப்‌ஷோர். ஜப்பானின் மோடெக், மலேசியாவின் யின்சன், பூமி அர்மடா ஆகியனவும் இத்தொழிலில் உள்ளவை. ஆங்கிலத்தில் வயலை நடத்துபவரையும் கலத்தை நடத்துபவரையும் ‘ஆபரேட்டர்’ என்ற ஒரே சொல் சுட்டுவதால் செய்திகளில் யாருடைய எண்ணெய், யாருடைய கப்பல் என்பது மயங்கிவிடுகிறது. ‘இயக்குநர்’ என்றால் நிறுவனத்தின் ஆட்சிக்குழு உறுப்பினர் என்ற பொருளும் வந்து சேர்கிறது. வயல் நடத்துநர், கலம் நடத்துநர் என்று பிரித்தெழுதுவது நல்லது. பிரிப்புக் கருவிகள் இன்றித் தேக்கி அனுப்புவதை மட்டும் செய்யும் எஃப்.எஸ்.ஓ.வுக்கு ‘எண்ணெய்த் தேக்கக் கலம்’ போதும்.