துருக்கியத் தேநீரின் மேல் பாத்திரம் ஏன் கொதிப்பதில்லை?

துருக்கியர்கள் காலை உணவைக் 'கஹ்வால்தி' என்கிறார்கள். கஹ்வே என்றால் காபி, ஆல்தி என்றால் அதன் அடி. காபி குடிப்பதற்கு முன் வயிற்றுக்குள் போடும் அடித்தளம் என்று கொள்ளலாம். பெயரில்தான் காபி இருக்கிறது. மேசையில் இருப்பது தேநீர். முதல் உலகப் போரோடு காபி வந்துகொண்டிருந்த ஏமன் துருக்கியரின் கைவிட்டுப் போயிற்று. புதிய குடியரசு 1924-இல் ரிசே வட்டாரத்தில் தேயிலை பயிரிடச் சட்டம் இயற்றியது. வேளாண் வல்லுநர் ஸிஹ்னி தெரின், ஜார்ஜியாவின் படூமி நகரிலிருந்து வந்த விதைகளைக் கருங்கடலோரச் சரிவுகளில் பயிராக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். இன்று ஆளுக்கு ஆண்டுக்கு 3 கிலோவுக்கும் மேல் தேயிலை என்ற கணக்கில், உலகிலேயே அதிகமாகத் தேநீர் குடிப்பவர்கள் துருக்கியர்கள்தாம்.

மணிக்கணக்கில் நீளும் அந்தக் காலை உணவு முழுவதற்கும் சூடான தேநீர் எப்படிக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது? அதற்கு விடை 'சாய்தான்லிக்' என்ற இரட்டைப் பாத்திரம். கீழே பெரிய கெட்டில், அதில் வெறும் தண்ணீர். அதன் வாயில் மூடிபோல் உட்காரும் சிறிய பாத்திரம் 'தெம்லிக்', அதில் தேயிலை. கீழ்த் தண்ணீர் கொதித்ததும் கொஞ்சத்தை எடுத்து மேலே இலையில் ஊற்றி, கீழே மறுபடி தண்ணீர் நிரப்பி, தீயைக் குறைத்துவிடுவார்கள். கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

அந்தப் பொறுமையில் நடப்பதுதான் எனக்கு ஒருபோதும் சலிக்காத இயற்பியல். மேல் பாத்திரத்துக்குத் தீ நேரடியாகப் படுவதில்லை. நீராவிதான் அதைச் சூடாக்குகிறது. ஒரு கிராம் நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அதே ஒரு கிராம் நீரைப் பனிக்கட்டியின் குளிரிலிருந்து கொதிநிலைவரை ஏற்ற 100 கலோரி போதும். அதனால் தெம்லிக்கின் அடி ஆறியிருக்கும்போது நீராவி அதில் படிந்து வெப்பத்தை வாரி வழங்குகிறது. ஆனால் மேலே உள்ள சூடு 100 டிகிரியை நெருங்க நெருங்க, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்குகிறது. வெப்பம் ஏறுவதும் தளர்கிறது. பக்கங்களிலும் மூடியிலும் சூடு வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. வரவும் செலவும் சமமாகும் இடம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. கீழே எவ்வளவு கொதித்தாலும் மேலே தளதளப்பதில்லை. எந்தக் கருவியும் வைத்துக் கட்டுப்படுத்தாத, தானே அடங்கும் சூடு இது.

இலைக்கு அதுதான் வேண்டும். காஃபீன் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. நிறத்தைத் தரும் தியாஃப்ளேவின், தியாருபிஜின் போன்ற பெரிய மூலக்கூறுகள் நிதானமாக வெளிவரும். கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும், துவர்ப்பு மட்டும் மிஞ்சும். சூடு ஆறினாலும் தொல்லைதான்: அடர்ந்த தேநீர் குளிர்ந்தால் காஃபீனும், துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால் என்ற பொருள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கலாகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்த கட்டன் தேநீர் மங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். நீராவிமேல் உட்கார்ந்திருக்கும்வரை அந்தக் கலங்கல் வராது.

மேலே உருவாகும் அடர்சாற்றின் பெயர் 'தெம்'. நம் டிகாக்ஷனைப் போலத்தான். கலப்பது பால் அல்ல, கீழ் கெட்டிலின் கொதிநீர். கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு தெம் விழும். அதன்மேல் கொதிநீர் ஊற்றும்போது அடர்சிவப்பு மேலே சுருண்டு ஏறி, வெளிறி, ஒரே நிறமாகும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தெளிந்த கருஞ்சிவப்பாக இருந்தால் 'தவ்ஷான் கானி', அதாவது முயல் இரத்தம் என்று மெச்சுவார்கள். ஒருவருக்கு 'ஆச்சிக்' என்ற இளநிறம், அடுத்தவருக்கு 'கோயு' என்ற அடர்நிறம். சின்னப் பிள்ளைக்கு வெளிறிய, ஆறிய 'பாஷா சாயி'. ஒரே பாத்திரத்திலிருந்து அவரவர் விருப்பப்படி கிடைக்கிறது. சாறு இறக்குவதும் நீர் கலப்பதும் தனித்தனி வேலைகளாகப் பிரிந்திருப்பதால்தான் இது முடிகிறது.

குவளையின் பெயர் 'இன்ஜே பெல்லி', மெல்லிடை. ஏறக்குறைய 100 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். விளிம்புவரை நிரப்ப மாட்டார்கள்; உதட்டுக்கென்று மேலே கொஞ்சம் இடம் விடுவார்கள், அதற்கு 'துதாக் பாயி', உதட்டின் பங்கு என்று பெயர். கைப்பிடி இல்லாத குவளையை விரல் சுடாமல் பிடிக்கவும் அந்த வெற்று விளிம்புதான் உதவுகிறது. கொஞ்சமாக ஊற்றுவதால் ஆறுவதற்குள் குடித்து முடியும், அடுத்தது சூடாக வரும்.

பால் சேர்க்காத தேநீர் நாக்கைப் பிடிக்காதா? பிடிக்கும். பாலிஃபீனால்கள் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டுவதால் வரும் உணர்வுதான் துவர்ப்பு. பால் ஊற்றினால் அதன் கேசீன் புரதம் முந்திக்கொண்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். துருக்கியில் அந்தப் புரதம் குவளையில் இல்லை, தட்டில் இருக்கிறது. துருக்கியின் கிழக்கில் உள்ள வான் நகரில் காட்டு மூலிகை சேர்த்து ஊறவைத்த 'ஓத்லு பெய்னிர்' பாலாடைக்கட்டியை ஒரு வாய் கடித்துவிட்டுத் தேநீரை உறிஞ்சினால், துவர்ப்பு மழுங்கிக் கட்டியின் உப்பும் மூலிகையின் காரமும் மேலெழும். எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சி ஆறவிட்டு எடுக்கும் 'கைமாக்' என்ற ஏட்டில் பாதிக்கு மேல் கொழுப்பு. தேனோடு அதை ரொட்டியில் தடவித் தின்றபின் நாக்கில் படியும் நெய்ப்பை, அடுத்த மிடறு சூடான தேநீர் உருக்கிக் கழுவிவிடுகிறது. தேநீரும் தட்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போவதால் அடுத்த வாயும் முதல் வாய்போலவே ருசிக்கிறது.

தெம்முக்கும் ஆயுள் உண்டு. அரை மணி, முக்கால் மணி தாண்டினால் காற்றுப்பட்டுப் பழுப்பேறி, கசப்பு கூடிவிடும். 'பாயாத்', பழசு என்று கொட்டிவிட்டுப் புதிய இலை போடுவார்கள். கீழே தண்ணீர் கொதித்துக்கொண்டே இருப்பதால் அடுத்த தெம்முக்குக் காத்திருப்பது இலைக்காக மட்டும்தான். போதும் என்பவர் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. சிறு கரண்டியைக் குவளையின் வாய்மேல் குறுக்கே வைத்தால் போதும், ஊற்றுபவர் அடுத்த குவளைக்கு நகர்ந்துவிடுவார்.