மூச்சை மெதுவாக விடும்போது நாடி ஏன் இறங்குகிறது?

விளையாட்டுப் போட்டிக்கு உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு ஈசிஜி எடுப்போம். அவர்களில் பலருக்கு 'சைனஸ் அரித்மியா' என்று இயந்திரமே தாளில் அச்சடித்துவிடும். அரித்மியா என்றால் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போவது என்று போனில் தேடிப் பார்த்துவிட்டு, பெற்றோர் முகம் வெளிறி உள்ளே வருவார்கள். "டாக்டர், பையனுக்கு ஹார்ட்ல ஏதோ இருக்காமே?" என்பார்கள். பையனுக்கு ஒன்றும் இல்லை. அவன் மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கிறது. இளவயதில் அப்படித் துடிப்பதுதான் ஆரோக்கியம். அது தெரியாமல் இருந்தால்தான் நான் யோசிப்பேன்.

இதை உங்கள் மணிக்கட்டிலேயே பார்க்கலாம். கட்டைவிரல் பக்கமாக, மணிக்கட்டின் ஓரத்தில் மூன்று விரல்களை வைத்து நாடியைத் தொடுங்கள். நிதானமாக மூச்சை உள்ளே இழுங்கள். அப்புறம் அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும். விடும்போது இடைவெளி கூடும். சின்ன வயதுக்காரர்களுக்கு இது விரலுக்கு நன்றாகவே தெரியும். வயது ஏற ஏற இந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வரும், அதனால் அறுபது வயதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஜெர்மன் உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. துடிப்பு அங்கேதான் பிறக்கிறது. நரம்புகளின் தலையீடே இல்லாமல் அதன் போக்கில் விட்டால் அது நிமிடத்துக்கு சுமார் 100 முறை துடிக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் நாடி 60 முதல் 80 வரைதான் இருக்கிறது. காரணம் வேகஸ் நரம்பு. மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரைக்கும் போகிற நீளமான நரம்பு அது. இதயத்துக்கு அதுதான் மூக்கணாங்கயிறு. மூச்சை இழுக்கும்போது மூளைத்தண்டு அந்தக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துகிறது, விடும்போது மறுபடி இழுத்துப் பிடிக்கிறது. இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இது தெளிவாகத் தெரியும். புதிய இதயத்துக்குப் போகும் நரம்புகள் அறுபட்டுவிடுவதால், அவர்களுடைய நாடி ஓய்வில் இருக்கும்போதே 90, 100, 110 என்று இருக்கும். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் அந்த அசைவும் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும்.

இந்த நரம்பு இதயத்தோடு எப்படிப் பேசுகிறது என்பதை 1921இல் ஆட்டோ லோவி கண்டுபிடித்தார். ஒரு தவளையின் இதயத்தை வேகஸ் நரம்பு வழியாகத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடிக்க ஆரம்பித்தது. அந்தத் திரவத்தில் கலந்திருந்தது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் என்று பிறகு உறுதியானது. 1936இல் ஹென்றி டேலும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அசிட்டைல்கோலின் ஓரிரு துடிப்புக்குள் வேலையைத் தொடங்கிவிடும், அதே வேகத்தில் சிதைந்தும் போய்விடும். பயம் வரும்போது இதயத்தை விரட்டுகிற மறுபக்க நரம்புகளின் வேலை ஏறுவதற்குச் சில விநாடிகள் ஆகும், அடங்குவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு மூச்சுக்கும் நாடியை மாற்றுகிற அளவு வேகம் வேகஸுக்கு மட்டும் வாய்த்திருக்கிறது.

நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை 6 ஆகக் குறைத்தால், அதாவது ஒரு மூச்சுக்கு 10 விநாடி எடுத்துக்கொண்டால், நாடியின் ஏற்ற இறக்கம் மிக அதிகமாகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டுக்குச் சொல்லும், மூளைத்தண்டு நாடியைக் குறைக்கும். இப்படிச் சரிசெய்துகொண்டே இருப்பதில் ரத்த அழுத்தம் சுமார் 10 விநாடிக்கு ஒரு முறை தானாகவே ஏறி இறங்குகிறது. நம் மூச்சும் அதே 10 விநாடிக் கணக்குக்கு வந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் இதை அழகாகக் காட்டினார்கள். அவர்களுடைய ஆய்வு 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒருமுறை லத்தீன் மொழியில் ஜெபமாலையும், இன்னொரு முறை 'ஓம் மணி பத்மே ஹும்' மந்திரமும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு சுமார் 6 என்ற கணக்கில் வந்து நின்றது, ரத்த அழுத்தத்துக்கு ஏற்ப நாடியை மாற்றும் திறனும் கூடியது. விநாடி எண்ணிக்கொண்டு மூச்சு விடச் சொன்னால் தடுமாறுகிற வயதான அம்மாக்களிடம் நான் இதையே பயன்படுத்துகிறேன். "உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஏதாவது ஒரு வரியை, ஒரே மூச்சில், அவசரப்படாம சொல்லிப் பாருங்கம்மா" என்பேன். தேவாரமோ, ஜெபமோ, தாலாட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. பாடும்போது மூச்சு வெளியேறும் நேரம் தானாகவே நீண்டுவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இதில் முக்கியம் மெதுவாக விடுவதுதான். ஆழமாக இழுப்பது அதற்கு அடுத்ததுதான். பதற்றத்தில் இருப்பவரைச் சுற்றி நின்றுகொண்டு, "நல்லா இழுத்து விடு, நல்லா இழுத்து விடு" என்று எல்லோரும் சொல்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்குகிறவர் இப்போது வேகமாகவும் ஆழமாகவும் வாங்கத் தொடங்குவார். சற்று நேரத்தில் தலை சுற்றும், வாயைச் சுற்றி மரத்துப்போகும், விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல இருக்கும், சிலருக்குக் கைவிரல்கள் இழுத்துக் கோணிக்கொள்ளும். வீட்டார் பக்கவாதமோ வலிப்போ என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

நடந்தது இதுதான். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஏற்கெனவே 95 முதல் 100 சதவீதம் இருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் அதில் பெரிதாகக் கூட்ட இடமில்லை. ஆனால் கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் தலைசுற்றல். ரத்தத்தின் காரத்தன்மை ஏறி, நரம்புகளுக்குக் கிடைக்கிற கால்சியம் குறையும், அதனால் மரமரப்பும் விரல் இழுப்பும். மனம் அமைதியாவதற்கு மூளைக்கு நிறைய ஆக்சிஜன் போவதுதான் காரணம் என்று பலரும் சொல்லும் விளக்கம் ஆரோக்கியமானவர்களுக்குப் பொருந்தாது. பதற்றத்தில் மூச்சு வாங்குகிறவரிடம் "விடுறதை மட்டும் மெதுவா விடு தம்பி, இழுக்கிறது தானா நடக்கும்" என்று சொன்னாலே பாதி அடங்கிவிடும். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். பதற்றம் என்று நாம் நினைத்தது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

சரி, எப்படிச் செய்வது? முதுகு சாய்ந்து வசதியாக உட்காருங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கு வழியாக 4 விநாடி இழுங்கள், வயிறு மெல்ல உப்பட்டும், தோள் உயர வேண்டாம். 6 விநாடி விடுங்கள், மூக்கு வழியாகவோ, விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்தோ. மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. 5 நிமிடம் போதும். தலை லேசாகச் சுற்றினால் நீங்கள் தேவைக்கு மேல் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். மெதுவாக விட்டால் மூச்சு போதாமல் போய்விடுமோ என்று சிலர் கேட்பார்கள். போதாமல் போகாது. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று மூச்சுக்குழாயிலேயே நின்று, வேலைக்கு உதவாமல் திரும்பிவிடுகிறது. அரை லிட்டர் வீதம் 15 முறை இழுத்தால் மொத்தம் 7.5 லிட்டர், அதில் 2.25 லிட்டர் வீண். ஒன்றேகால் லிட்டர் வீதம் 6 முறை இழுத்தாலும் அதே 7.5 லிட்டர்தான், ஆனால் வீணாவது 0.9 லிட்டர் மட்டும்.

இதயம் மெதுவாவது சரி, மனம் ஏன் அடங்குகிறது? இதற்கு ஒரு துப்பு 2017இல் கிடைத்தது. மூச்சின் தாளத்தை உண்டாக்குகிற நரம்பணுக் கூட்டம் மூளைத்தண்டில் இருக்கிறது. அதில் ஒரு சிறு பிரிவு, உடல் முழுவதையும் உஷார்ப்படுத்துகிற மூளைப் பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டார்கள். எலிகளில் அந்தச் சிறு பிரிவை மட்டும் நீக்கியபோது அவை மெதுவாக மூச்சு விட்டு, அமைதியாகிவிட்டன. மனிதர்களுக்கும் அப்படியே என்று அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் மூச்சுக்கும் பதற்றத்துக்கும் நடுவில் நேரடி நரம்புப் பாதை ஒன்று இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

பிரஷர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படியேறி வந்த வேகத்தில் பிரஷர் பார்த்தால் அளவு தப்பாகத்தான் வரும். 5 நிமிடம் உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையைத் தாங்கலாக வைத்து, பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். மெதுவான மூச்சைத் தினமும் பழகினால் பிரஷர் ஓரளவு குறையலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. மூச்சுப் பயிற்சி மாத்திரையோடு சேர்ந்து செய்ய வேண்டியது, மாத்திரைக்குப் பதிலாகச் செய்வது அல்ல. அதே போல, நெஞ்சை அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மயக்கம், நாடி தாறுமாறாக ஓடுவது போன்றவை வந்தால் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்யாதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளிடம் நான் அதிகம் பேச விரும்புவது இன்னொன்று. இதே நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கை நாங்கள் நோயைக் கண்டறியவும் பயன்படுத்துகிறோம். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கு மீறி இருந்தால் கால் நரம்புகள் கெடுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். இதயத்துக்குப் போகும் நரம்புகளும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் முதலில் அடிபடுவது நீளமான வேகஸ்தான். பரிசோதனை எளிது. படுக்கவைத்து, ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க, 5 விநாடி இழுத்து 5 விநாடி விடச் சொல்வோம், ஒரு நிமிடத்துக்கு. ஒவ்வொரு மூச்சிலும் நாடி எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, அந்த வித்தியாசங்களின் சராசரியை எடுப்போம். 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 10க்குள் இருந்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். வயதையும், சாப்பிடும் மாத்திரைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவு சொல்வோம். அன்று காலை காபி, சிகரெட் கூடாது.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இதய நரம்புகள் கெட்டுப்போனவருக்கு மாரடைப்பு வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் மூச்சுத் திணறல், அவ்வளவுதான் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். அதனால் பல வருடமாக சுகர் உள்ளவர்கள், சும்மா இருக்கும்போதே நாடி 100ஐத் தாண்டினாலோ, படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் கண்ணை இருட்டினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது கவனிக்க வேண்டியது. கூடவே இந்த மூச்சுச் சோதனையையும் கேளுங்கள். சாதாரண ஈசிஜி இயந்திரம் இருக்கிற எந்த இடத்திலும் இதைச் செய்யலாம்.