முட்டிக்குள் மாற்று ஜவ்வு உயிர் பெறும் விதம்

முட்டி ஜவ்வு அறுந்து நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொண்ட கால்பந்து ஆட்டக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. துளை போட்ட இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். படி ஏறுகிறேன், சைக்கிள் மிதிக்கிறேன், வலி அறவே இல்லை. ஆனாலும் ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும் என்கிறார் மருத்துவர். இவ்வளவு சின்ன அறுவைக்கு இவ்வளவு காலம் எதற்கு?" நியாயமான கேள்விதான். துளை சிறியதாக இருப்பதால் உள்ளே நடந்த வேலையும் சிறியது என்றே யாருக்கும் தோன்றும்.

முதலில் துளையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்த்ராஸ்கோப்பி எனப்படும் இம்முறையில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாக, ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல் ஒன்றை மூட்டுக்குள் செலுத்துகிறார்கள்; குழலுக்குள் வில்லைகளும் ஒளியிழைகளும் இருக்கும், வெளிமுனையில் கேமரா இருக்கும். இன்னொரு கீறல் வழியாகக் கருவிகள் போகும். மூட்டுக்குள் இயல்பாகக் காலியிடம் என்று ஒன்றும் கிடையாது என்பதால், சலைன் நீரை அழுத்தத்துடன் ஏற்றி மூட்டு உறையை உப்ப வைக்கிறார்கள். அதே அழுத்தம் சிறு இரத்தக் கசிவுகளையும் அடக்கி, பார்வை கலங்காமல் காக்கிறது. குழலின் நுனி நேராகப் பார்க்காமல் பெரும்பாலும் 30 பாகை சாய்வாகப் பார்க்கும். இருந்த இடத்திலேயே குழலைச் சுழற்றினால் போதும், மூலை முடுக்கெல்லாம் திரைக்கு வந்துவிடும். 1918-இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலை இறந்தவர் ஒருவரின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே 1962-இல் முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்திருக்க, அதன் ஒரு பகுதியை இவ்வழியாகவே வெட்டி எடுத்தார். இன்றைய முறை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

இனி ஜவ்வுக்கு வருவோம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டியின் நடுவில் குறுக்காக இணைப்பது முன் சிலுவை ஜவ்வு; ஏ.சி.எல். என்றால்தான் விளையாட்டு வீரர்களுக்குப் புரியும். நீளம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான் என்றாலும், இளைஞர் ஒருவரின் ஏ.சி.எல். அறுவதற்கு ஏறத்தாழ 2,000 நியூட்டன், அதாவது 200 கிலோ எடைக்கு நிகரான இழுவிசை தேவைப்படும். முட்டியின் உட்பக்கவாட்டு ஜவ்வு கிழிந்தால் பெரும்பாலும் தானாகவே ஒட்டிக்கொள்கிறது, ஏ.சி.எல். அறுந்தால் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. காயம் ஆற வேண்டுமானால் அறுந்த இரு முனைகளுக்கும் இடையே முதலில் இரத்தம் உறைந்து நிற்க வேண்டும், ஏ.சி.எல். மூட்டு நீரால் சூழப்பட்டிருப்பதால் அந்த உறைவு நிலைக்காமல் கரைந்துபோகிறது. ஆகவே அறுந்ததைத் தைப்பதை விட்டுவிட்டு, நோயாளியின் தொடைப் பின்புறத் தசைநாண்களையோ (தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள்) முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் ஒரு கீற்றையோ எடுத்து, இரு எலும்புகளிலும் குடைந்த சுரங்கங்களின் வழியே கோத்து, திருகாணியாலோ சிறு உலோகப் பொத்தானாலோ இறுக்கிவிடுகிறார்கள். மடித்து நான்கு புரிகளாக்கிய தொடைத் தசைநாண், பொருத்தும் நாளில் பழைய ஜவ்வைவிட வலுவானது. அறுவை மருத்துவரின் வேலை அத்துடன் முடிகிறது. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எடுத்த இடத்திலிருந்து பிரிந்ததுமே அந்தத் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. மூட்டுக்குள் வைத்த பிறகு, சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்து ஊறிவரும் ஊட்டம் மட்டுமே அதற்குக் கதி. மேலடுக்கில் உள்ள உயிரணுக்கள் அதைக் கொண்டு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கலாம், நடுப்பகுதிக்கு அது எட்டாது. முதல் சில வாரங்களில் உள்ளிருக்கும் உயிரணுக்களில் பெரும்பகுதி மடிந்துபோகிறது. ஆனால் அவை தம் காலத்தில் பின்னி வைத்த கொலாஜன் என்னும் புரத இழைகள் அறுவதில்லை. குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள், வீடு நிற்கிறது என்ற நிலை. அந்த வீட்டுக்குப் புதுக் குடிகள் வருகிறார்கள்: மூட்டு உறையிலிருந்தும் அருகிலுள்ள கொழுப்புத் திசுவிலிருந்தும் மெல்லிய இரத்தக் குழாய்கள் முளைத்து மாற்று ஜவ்வைப் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைகின்றன, அவற்றோடு இழை உருவாக்கும் இளம் உயிரணுக்களும் நுழைகின்றன.

வந்தவர்கள் உடனே கட்டத் தொடங்கினால் சிக்கலே இல்லை. அவர்கள் முதலில் இடிக்கிறார்கள். நொதிகளைச் சுரந்து பழைய கொலாஜனைக் கரைத்துக்கொண்டே, அதன் இடத்தில் புதியதைப் பின்னுகிறார்கள். கரைப்பது விரைவாகவும் பின்னுவது மெதுவாகவும் நடக்கும் காலத்தில் ஜவ்வின் வலு சரிகிறது. செம்மறி, வெள்ளாடு போன்ற விலங்குகளில் செய்த ஆய்வுகளில், அறுவைக்குப் பின் ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரையிலான காலத்தில்தான் மாற்று ஜவ்வு மிகவும் நொய்ந்திருந்தது. மனிதருடைய ஜவ்வை இழுத்து அறுத்துப் பார்க்க முடியாது. வேறு காரணங்களுக்காக மீண்டும் மூட்டுக்குள் பார்க்க நேர்ந்தவர்களிடம் எடுத்த சிறு திசுத் துணுக்குகளைப் பார்த்தால், நம்மிடம் அந்த இடிப்பு விலங்குகளைவிட மிதமாகவும், மறுகட்டுமானம் ஓராண்டுக்கு மேலும் நீள்வதாகவும் நடப்பது தெரிகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது: தசைநாணாக இருந்தபோது தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் கலந்திருந்த இடத்தில், பின்னாளில் மெல்லிய இழைகளே நிறைந்திருக்கின்றன. ஜவ்வின் வேலையைச் செய்யச் செய்ய அது ஜவ்வைப் போலவே மாறிக்கொண்டு வருகிறது, முழுக்கப் பழைய ஏ.சி.எல். ஆகிவிடுவதில்லை.

புதிய இழைகள் எந்தத் திசையில் அடுக்கப்பட வேண்டும் என்பதை உயிரணுக்கள் இழுவிசையிலிருந்தே தெரிந்துகொள்கின்றன. இழுவிசையே கிடைக்காத ஜவ்வு தாறுமாறாக வளர்ந்து நலிகிறது. அளவு மீறினால் நீண்டு தொளதொளத்துவிடுகிறது. பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு வாரம் பயிற்சியைக் கூட்டுவதை, மருந்தின் அளவைப் படிப்படியாக ஏற்றுவதைப் போலவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கேட்டவரின் நிலையைப் பாருங்கள். இரண்டாவது மாதத்தில் தோல் ஆறியிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், வலி போயிருக்கும். உள்ளே ஜவ்வோ பாதி இடிந்தும் பாதி எழுந்தும் இருக்கும். இடம் மாறிய தசைநாணுக்கு நரம்புத் தொடர்பும் அறுந்திருப்பதால், அது தளர்ந்திருப்பதை வலி வந்து சொல்லப்போவதில்லை. ஒன்பது மாதக் கணக்கும் ஏதோ ஒப்புக்குச் சொல்வதல்ல. நார்வேயில் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் 51 சதவீதம் குறைந்திருந்தது.

தோள்பட்டையிலும் இதே நியாயம்தான். தோளைச் சுற்றியுள்ள தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்தால், நூல் கோத்த சிறு நங்கூரங்களை எலும்புக்குள் பதித்து, அந்த நூலால் தசைநாணை இழுத்துக் கட்டுகிறார்கள். பிறவியில் அங்கே தசைநாண், நார்க்குருத்தெலும்பு, சுண்ணம் ஏறிய குருத்தெலும்பு, எலும்பு என்று நான்கு அடுக்குகள் ஒன்றோடொன்று இழைந்திருக்கும். கட்டிய பிறகு அந்த அடுக்குகள் மீள்வதில்லை, வடுத் திசுதான் ஒட்டவைக்கிறது. அது பிடிக்கும் வரை நூலும் நங்கூரமும் மட்டுமே சுமையைத் தாங்குவதால்தான் கையை வாரக்கணக்கில் தொட்டிலிட்டுத் தொங்கவிடச் சொல்கிறார்கள்.

துளை சிறியது என்ற நினைப்பு நோயாளிகளை அவசரப்பட வைத்தது போலவே, மருத்துவத்தையும் ஒரு காலத்தில் அவசரப்பட வைத்தது. தேய்மானத்தால் வலிக்கும் முட்டிகளைத் துளையிட்டுக் கழுவுவதும் சுரண்டுவதும் உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டு, கருவிகளைக் கேட்டு வாங்கி, கழுவும் ஓசை கேட்பதற்காக சலைனைச் சலசலக்கவிட்டு, உள்ளே எதுவும் செய்யாமல் தையல் போட்டார்கள். ஈராண்டுக்குப் பிறகும் உண்மையான அறுவை செய்துகொண்டவர்கள் இவர்களைவிடச் சிறிதும் மேலாக இல்லை. வயதோடு வரும் மெனிஸ்கஸ் கிழிசலுக்கு பின்லாந்தில் 2013-இலும், தோளில் எலும்பைச் செதுக்கி இடம் விரிக்கும் அறுவைக்கு பிரிட்டனில் அதன் பிறகும் இதே வகை ஆய்வுகள் இதே பாடத்தைத் தந்தன. ஸ்கேனில் கிழிசல் தெரிந்தால் வெட்டியே ஆக வேண்டும் என்பதைப் படித்தவர்களின் மூடநம்பிக்கை என்றே சொல்வேன்: 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களில் ஸ்கேனில் மெனிஸ்கஸ் கிழிசல் தெரிந்தோரில் 61 சதவீதத்தினருக்கு முந்தைய மாதத்தில் முட்டி வலியே இருந்ததில்லை. புதிய திருகாணியைச் சோதிக்க அதை விற்பவர் பணம் கொடுப்பார். ஓர் அறுவை தேவையா என்று சோதிப்பதால் யாருக்கும் விற்பனை அதிகரிக்காது. அந்தச் செலவைப் பொதுப்பணம்தான் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஆய்வுகள் எல்லா முட்டிக்கும் பொருந்திவிடாது. கிழிந்த மெனிஸ்கஸ் வாளிப் பிடியைப் போல மடிந்து மூட்டின் நடுவில் சிக்கி, காலை நீட்டவே முடியாமல் முட்டி பூட்டிக்கொண்டவருக்கு, காத்திருக்காமல் அதை விடுவித்துத் தைத்துவிடுவதே இன்றும் வழி. கிழிசல் இரத்த ஓட்டமுள்ள வெளிவிளிம்பில் இருந்தால் அந்தத் தையல் பிடிப்பதற்கு நல்ல வாய்ப்பும் உண்டு.