ஃபாலி: பொழில் மண்டபம்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஸ்டோ என்றொரு பெருந்தோட்டம். அதிலுள்ள ‘கோதிக் டெம்பிள்’ என்ற கட்டடத்தைத் தமிழில் ‘கோதிக் கோயில்’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். அங்கே வழிபாடு நடந்ததில்லை. அதைக் கட்டுவித்த கோபம் (Cobham) பிரபுவின் குடும்பப் பெயரே டெம்பிள். ‘உன் ஆலயங்கள் எத்தனை இனியவை’ என்னும் லத்தீன் தொடர் அக்குடும்பத்தின் கொள்கை மொழி. தோட்டம் நிறைய ‘டெம்பிள்’ எழுந்ததில் ஒரு சிலேடை ஒளிந்திருக்கிறது.

தோட்டத்தின் அழகுக்கென்றே எழுப்பும் இந்த வகைக் கட்டடத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃபாலி’ என்று பெயர். பழைய பிரெஞ்சில் ‘ஃபோல்’ என்றால் கிறுக்கன். அதற்கு மூலமான லத்தீன் ‘ஃபோலிஸ்’ கொல்லனின் துருத்தி. உள்ளே வெறுங்காற்று என்ற கேலிதான். 1228-இல் வேல்ஸ் நாட்டில் ஹூபர்ட் டி பர்க் கட்டத் தொடங்கிய கோட்டை பாதியில் கைவிடப்பட்டு ‘ஹூபர்ட்டின் மடமை’ என்று பெயர் வாங்கியது. பிறகு கேலி தேய்ந்து, பயனைவிடப் பார்வைக்காகவே எழுப்பிய தோட்டக் கட்டடம் என்ற பொருள் நிலைத்தது. ஆகவே ‘மடமை’ என்று மொழிபெயர்ப்பது வேரைத்தான் சொல்லும், கட்டடத்தைச் சொல்லாது.

‘கோதிக்’ என்ற கட்டடப் பாணியின் பெயரும் வசையாகப் பிறந்ததே. 410-இல் ரோமைச் சூறையாடியவர்கள் கோத் இனத்தார். செவ்வியல் கலையை மெச்சிய இத்தாலியர், கூர்வளைவுக் கட்டடங்களை அவர்களின் காட்டுவேலை என்று பழித்தார்கள். உண்மையில் அந்தப் பாணி 1140 வாக்கில், பாரிஸை அடுத்த சான் தெனி மடாலயத்தில் உருப்பெற்றது. கோத்துகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோபம் பிரபு இந்த வசையைப் பெருமையாகத் திருப்பிக்கொண்டார். ரோம் என்றால் எதேச்சாதிகாரம், கோத்தும், இங்கிலாந்தில் குடியேறிய பழைய ஜெர்மானிய இனமான சாக்சனும் என்றால் பழைய ஆங்கிலேய சுதந்திரம் என்பது அவர் அணியின் அரசியல். கட்டடத்துக்கு ‘விடுதலை ஆலயம்’ என்றும் பெயருண்டு. ‘நான் ரோமானியன் அல்லன் என்பதற்காகத் தேவர்களுக்கு நன்றி’ என்ற பிரெஞ்சு வரியை வாசலில் பொறித்தார்கள். இப்படிச் சண்டைக்கு நிற்கும் தோட்ட மண்டபம் வேறு உண்டா தெரியாது!

1741-இல் இந்த மண்டபத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ். தரைப்படம் முக்கோணம், மூன்று மூலையிலும் ஐங்கோணக் கோபுரம், அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி நிற்கும். வெளியே இத்தனை கோணம் இருந்தும் உள்ளே அறைகள் வட்டம். நடுக்கூடம் இரண்டு மாடி உயரம். அதன் குவிந்த விதானத்தில் சாக்சன் அரசுகளின் சின்னங்கள் தீட்டப்பட்டுள்ளன. தோட்டத்தின் மற்ற மண்டபங்கள் வெளிர்நிறச் சுண்ணக்கல். இது மட்டும் இரும்புக்கல். கல்லிலுள்ள இரும்பு துருவேறித்தான் அந்தக் காவிப் பழுப்பு வருகிறது. இவ்வகைக் கல் அடுக்கடுக்காக உரியக்கூடியது. மூட்டுகளில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கி அதைப் பொரியவைக்கும். சுண்ணாம்புச் சாந்துதான் ஒத்துவரும்.

கூர்வளைவின் கணக்கு எளிது. அரைவட்ட வளைவின் உயரம் எப்போதும் அகலத்தில் பாதி: 4 மீட்டருக்கு 2 மீட்டர். அதே 4 மீட்டரை ஆரமாக வைத்து, இரு கால்முனைகளிலிருந்தும் ஒவ்வொரு வில் வரைந்தால் அவை ஏறக்குறைய 3.46 மீட்டர் உயரத்தில் சந்திக்கும். உயரம் கூடும்போது சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை குறையும். பேராலயங்களுக்கு இது உயிர்நாடி. தோட்டங்களிலோ பெரும்பாலும் ஒப்பனைதான்: சர்ரேயின் பெயின்ஸ்ஹில்லிலுள்ள பத்துப்பக்கக் கோதிக் மண்டபம், கல்போலத் தோன்றச் செய்த மரவேலை.

தமிழில் என்ன சொல்லலாம்? தோட்டத்தில் கையால் எழுப்பிய குன்றுக்குப் பழந்தமிழ் ‘செய்குன்று’ என்று பெயர் வைத்தது. அதே வழியில் ‘செய்மாடம்’ எனத் தோன்றும். ஆனால் மாடம் எல்லாமே செய்ததுதானே, அடைமொழி வீண். குன்றும் சிதைவும் தானாக அமைபவை, அங்கேதான் ‘செய்’ பொருந்தும். எனவே வேண்டுமென்றே இடிபாடுபோலக் கட்டிய ஃபாலிக்குச் ‘செய்சிதைவு’ சரியாக இருக்கும். மற்றவற்றுக்குப் ‘பொழில் மண்டபம்’ போதும். வசந்த மண்டபம் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியதால் ‘மண்டபம்’ காதுக்கு உறுத்தாது. ‘காட்சி மண்டபம்’ வேண்டாம். பொருட்காட்சி நினைவுக்கு வரும். உறுப்புகளில், கோட்டை மதிலின் பல்வரிசை விளிம்புக்கு ‘ஞாயில்’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. நாலிதழ்த் துளைக்கு ‘நாலிதழ்ச் சாளரம்’ எனலாம்.

‘கோதிக்’ பாணியின் பெயர், அப்படியே இருக்கட்டும். முதல் முறை ‘கோதிக் டெம்பிள் எனப்படும் பொழில் மண்டபம்’ என்று எழுதி, அதன்பின் ‘ஸ்டோவின் கோதிக் மண்டபம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.