பழைய பிரிட்டிஷ் லிமோசின் வாங்கும் முன் அது கட்டப்பட்ட விதத்தை அறியுங்கள்

இங்கிலாந்தில் பழைய சொகுசுக் கார்களைச் சீரமைக்கும் பட்டறையில் பணிபுரியும் நான், திருமண வாடகைக்காக லிமோசின் வாங்குவோர் பெயிண்டின் பளபளப்பையும் இருக்கைத் தோலையும் மட்டும் பார்த்து விலை பேசிவிடுவதைக் கவலையோடு கவனித்து வருகிறேன். ஒரு கார் எங்கே பழுதாகும் என்பதை அது கட்டப்பட்ட விதமே தீர்மானிக்கிறது.

போருக்குப் பிந்தைய ஆஸ்டின் பிரின்சஸ் வரிசை 1947இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்டின் வாங்கியிருந்த வாண்டன் பிளாஸ் நிறுவனம், லண்டன் கிங்ஸ்பரியில் இருந்த தன் பட்டறையில் அந்தக் கார்களுக்கு பாடி கட்டியது. 1952இல் நீண்ட லிமோசின் வந்தது. அது 1968 வரை நீடித்தது. தனிச் சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் ஆஷ் மரச் சட்டகம், அதன் மேல் அலுமினியத் தகடு என்பது அதன் அமைப்பு. அலுமினியம் துருப்பிடிப்பதில்லை என்பதால் வெளித்தோற்றம் கெடாமல் இருக்க, உள்ளே ஈரம் தங்கிய மரம் உளுத்துப்போயிருக்கும். கதவைத் திறந்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். அது தொய்ந்து ஆடினால், கீலை மட்டும் குறை சொல்லாமல் தூணின் மரத்தையும் சோதிக்க வேண்டும்.

1968இல் அதன் இடத்தைப் பிடித்த டெய்ம்லர் டிஎஸ்420 முற்றிலும் வேறு வகை. இதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. ஜாகுவார் 420ஜி காரின் அடித்தளத்தை ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் நீட்டி, பாடியே எடையைத் தாங்கும்படி கட்டினார்கள். ஆகவே கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ (sill) என்னும் விளிம்பில் துரு ஏறினால், அழகு மட்டுமல்ல, காரின் வலிமையே குறைகிறது. பட்டி பூசி மறைத்த துருவை இங்கேதான் நாங்கள் அதிகம் காண்கிறோம். பின்சக்கர டிஸ்க் பிரேக்குகளோ சக்கரத்தின் அருகில் இல்லாமல், நடுவே, எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. அங்குள்ள ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக டிஸ்க்கில் படியும். சக்கரத்தைக் கழற்றினாலும் இது கண்ணில் படாது. லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தே ஆக வேண்டும். எஞ்சின், 1948இல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சின் குடும்பத்தின் 4.2 லிட்டர் வடிவம். இரும்பு பிளாக்கும் அலுமினியத் தலையும் கொண்ட அதில் உலோகம் அரிக்காமல் இருக்க, துருத்தடுப்பு கலந்த கூலன்ட் (குளிரூட்டும் திரவம்) இன்றியமையாதது. இறுதி ஊர்வலங்களில் நடைவேகத்தில் ஊர்ந்தே காலம் கழித்த வண்டி என்றால் ரேடியேட்டரையும் ஆராயுங்கள். உற்பத்தி 1979இல் கோவென்ட்ரிக்கு மாறி, 1992இல் நின்றது.

பிரிட்டனில் பெரிய மாற்றம் செய்யப்படாத, 40 வயது கடந்த கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி என்னும் ஆண்டுச் சோதனை பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் சாலைக்குத் தகுதியான நிலையில் காரை வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. விலக்கு உண்டு என்று விற்பவர் சொன்னாலும், விரும்பிக் கேட்டால் அச்சோதனையைச் செய்துகொள்ளலாம். பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுச் செய்யுங்கள்.