வேலையில் கை நரம்பு அறுந்தால் இ.எஸ்.ஐ.: முதல் நாளே கவனிக்க வேண்டியவை

பிரஸ் மிஷினில் கை மாட்டி மணிக்கட்டு கிழிந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சூப்பர்வைசர், "வீட்டில் கண்ணாடி குத்திடுச்சுன்னு சொல்லு, செலவை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். பையனும் அப்படியே சொன்னான். தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து அவனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கியே நின்றன. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அலுவலகத்திலோ, "வீட்டு விபத்து என்றுதானே எழுதியிருக்கிறது" என்று திருப்பி அனுப்பினார்கள்.

அதனால் எந்த ஆஸ்பத்திரியானாலும் விபத்துப் பதிவேட்டில் வேலை செய்த இடத்தையும் மிஷினையும் சொல்லி எழுத வையுங்கள். நகலைக் கையோடு வாங்குங்கள். முதலாளி தரவேண்டிய விபத்து அறிக்கை இ.எஸ்.ஐ.க்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கேளுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. "சந்தா நாள் போதவில்லை" என்று கவுண்டரில் சொன்னால் நகராதீர்கள். 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு சாதாரண நோய்க்கான உதவித்தொகைக்குத்தான். பணிக் காயத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது, நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் உரிமை உண்டு. முதலாளி பணம் கட்டாமல் விட்டிருந்தால் அதை அவரிடம் வசூலிப்பது இ.எஸ்.ஐ.யின் வேலை. காயம்பட்டவரை அலையவிட அது காரணமே இல்லை.

விபத்து நாள் நீங்கலாக மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாவிட்டால், சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று இடையில் விட்டுப்போனால் அந்த நாள்களுக்குப் பணம் நின்றுவிடும்.

இத்தனை அவசரம் ஏன்? அறுந்த நரம்பைத் தைத்தாலும் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்குப் போகவே மாதக்கணக்காகும். முழங்கைக்கு மேலே அறுந்திருந்தால் இன்னும் தூரம். ஒன்று, ஒன்றரை வருடம் நரம்புத் தொடர்பில்லாத தசை, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. சுத்தமான வெட்டென்றால் முதல் சில நாள்களிலேயே தைப்பது நல்லது. ரெஃபரல் கடிதத்துக்காக "அடுத்த வாரம் வாங்க" என்று மூன்று முறை சொன்னாலே மூன்று வாரம் போய்விடும்.

தையல் போடுவதற்கு முன் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரல் நுனியையும் டாக்டரைத் தொடச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று மரத்திருந்தால், "நரம்பைப் பார்த்தீர்களா?" என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுத வையுங்கள். கை அறுவை சிகிச்சை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு ரெஃபரல் வேண்டும் என்று பிரிவின் பேரைச் சொல்லியே கேளுங்கள். வெறும் "மேல் சிகிச்சை" என்று எழுதினால் எலும்புப் பிரிவு வரிசையில் இன்னொரு வாரம் போகும்.