பாவ் கசோலின் இடது பாதம்

ஏழடி உயரக் கூடைப்பந்து வீரர்களுக்குப் பாத எலும்பு மட்டும் ஏன் இப்படி அடிக்கடி முறிகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கீழே விழாமல், யாரும் மிதிக்காமல், ஓடிக்கொண்டே இருக்கும்போது எலும்பில் எப்படி விரிசல் விடும் என்பது அவருடைய குழப்பம். இதற்கு விடை சொல்ல ஸ்பெயினின் கூடைப்பந்து வீரர் பாவ் கசோலை விடப் பொருத்தமான ஆள் இல்லை.

கசோல் 1980-இல் பார்சிலோனாவில் பிறந்தவர். தாய் மருத்துவர், தந்தை செவிலியர். அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக 1991-இல் அறிவித்தபோது கசோலுக்குப் பதினோரு வயது. எய்ட்சுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று அப்போதே ஆசைப்பட்டு, பின்னர் பார்சிலோனா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கவும் சேர்ந்தார். கூடைப்பந்து அவரைப் படிக்க விடவில்லை. 2001-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றாவதாக எடுக்கப்பட்டு, மெம்ஃபிஸ் அணியில் முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கினார். 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் லேக்கர்ஸ் அணியுடன் கோப்பை வென்றார். ஸ்பெயினுக்கு ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். 2006 உலகப் போட்டியின் அரையிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆடும்போது இடது பாதத்தில் சுண்டுவிரலை ஒட்டிய எலும்பு முறிந்தது. இறுதி ஆட்டத்தில் அவர் வெளியே உட்கார்ந்திருக்க, ஸ்பெயின் கிரீஸை 70-47 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்தது. போட்டியின் சிறந்த வீரர் விருது கசோலுக்கே கிடைத்தது.

உயரம் 2.13 மீட்டர், எடை ஏறக்குறைய 113 கிலோ. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் கவனிப்போம். உயரம் கூடும்போது எடை அதைவிட வேகமாகக் கூடும் என்பதை கலிலியோ 1638-இலேயே எழுதிவிட்டார். 1.70 மீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஒருவரை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் கசோல் அளவுக்குப் பெரிதாக்கினால் 142 கிலோ வரும். கசோலோ அதைவிட முப்பது கிலோ குறைவு. அவர் ஒல்லி. அப்படியானால் பாதம் தப்பித்ததா என்றால், இல்லை. ஒரு தூணின் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் சுமை, தூணின் உயரத்தையும் அடர்த்தியையும் மட்டுமே பொறுத்தது. தூண் மெலிந்தால் எடை குறையும். தாங்கும் பரப்பும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். மனித உடல் தூண் அல்ல என்றாலும் தோராயமாக இந்தக் கணக்கு பொருந்தும். நம்மைவிட 25 சதவீதம் உயரமானவரின் அடிப்பாகம் ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தைச் சுமக்கிறது. நிற்கும்போதே இப்படி. குதித்து இறங்கும்போது உடல் எடையின் பல மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது.

அந்த விசை எங்கே குவிகிறது? பாதத்தின் உட்புற வளைவின் உச்சியில், கணுக்காலுக்குச் சற்று முன்னால், படகு வடிவத்தில் நேவிகுலர் என்ற சிறிய எலும்பு இருக்கிறது. பின்னாலிருந்து கணுக்கால் எலும்பு நெருக்குகிறது; முன்னாலிருந்து கட்டைவிரல் வரிசையும் அடுத்த விரல் வரிசையும் நெருக்குகின்றன. இரண்டு வரிசைகளும் சமமாக அழுத்துவதில்லை என்பதால், எலும்பின் நடுப்பகுதியில், அதன் இரு பாதிகளையும் எதிரெதிராக நகர்த்தப் பார்க்கும் வெட்டுவிசை உருவாகிறது. துரதிர்ஷ்டம் என்னவென்றால், அதே நடுப்பகுதிக்குத்தான் ரத்த ஓட்டமும் குறைவு. மைக்கேல் ஜோர்டான் 1985-இல் 64 ஆட்டங்களை இழந்ததும், 2.29 மீட்டர் யாவ் மிங் 2008-இல் பருவத்தின் பாதியில் வெளியேறியதும் இந்த எலும்பால்தான். மனிதர்களுக்கு முன்பே பந்தய நாய்களில் இந்த முறிவு அறியப்பட்டிருந்தது. வட்டப் பாதையில் இடப்பக்கமாகவே வளைந்து ஓடும் கிரேஹவுண்டு நாய்களுக்கு, வெளிப்புறமாக விழும் வலது பின்னங்காலில் இதே எலும்பு விரிசல் விடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். எலும்பு உயிருள்ள திசு. நாம் நடக்கும் ஒவ்வொரு நாளும் அதில் நுண்விரிசல்கள் விழுகின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம் இருக்கலாம். எலும்புக்குள் புதைந்து வாழும் ஆஸ்டியோசைட் செல்கள், மெல்லிய கால்வாய்கள் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. விரிசல் ஒன்று அந்தக் கால்வாய்களை அறுத்தால் அருகிலுள்ள செல்கள் இறக்கின்றன. அந்த மரணமே பழுது நடந்த இடத்தைச் சொல்லும் அறிவிப்பு. உடனே ரத்தத்திலிருந்து வரும் செல்கள் பல ஒன்றாகக் கலந்து ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய செல்லாகின்றன. அது எலும்பின் மீது ஒட்டிக்கொண்டு அமிலம் சுரந்து தாதுவைக் கரைக்கிறது. நொதியால் புரதத்தை வெட்டுகிறது. விரிசலோடு சேர்த்துச் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் தோண்டி எடுக்கிறது. பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அணிவகுத்து வந்து, குழிக்குள் கொலாஜன் என்ற புரதத்தின் அடுக்குகளை வரிசையாகப் படியவைக்கின்றன. அடுக்குகளில் மெல்ல மெல்லக் கால்சியமும் பாஸ்பேட்டும் இறுகுகின்றன. வேலை முடிந்த ஆஸ்டியோபிளாஸ்ட்களில் சில, தாங்கள் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து புதிய ஆஸ்டியோசைட்களாக மாறி, அடுத்த விரிசலுக்குக் காவல் இருக்கின்றன. வயதுவந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இதைவிட அழகான பராமரிப்பு ஏற்பாட்டை நான் அறிந்ததில்லை.

சிக்கல் கால அளவில் இருக்கிறது. தோண்டும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பி இறுக்க மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பிருந்ததைவிட வலுக்குறைவாகவே இருக்கும். சாலையைச் சீர்செய்யத் தோண்டிப் போட்ட பள்ளத்தின் மீதே லாரிகளை ஓடவிடுவது போன்றது இது. வாரத்துக்கு மூன்று நான்கு ஆட்டம் என்றால் பழைய பள்ளம் நிரம்பும் முன் புதிய விரிசல் விழுகிறது; அதைச் சரிசெய்ய மேலும் தோண்டப்படுகிறது. கடைசியில் நுண்விரிசல்கள் இணைந்து எலும்பின் மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு பிளவாகின்றன. மருத்துவர்கள் ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்று சொல்வது இதைத்தான். அங்கே சோப்ளாங்கி எலும்பு உடையவில்லை. நல்ல எலும்பின் பழுதுபார்ப்பு வேகம் சேதத்தின் வேகத்திடம் தோற்றுப்போகிறது.

கசோலுக்கு 2019-இல் இதுதான் நடந்தது. வயது 38, என்.பி.ஏ.யில் 1,200-க்கும் மேற்பட்ட ஆட்டங்களைக் கடந்த இடது பாதம். மில்வாக்கி அணிக்கு மூன்றே ஆட்டங்கள் ஆடியபின் நேவிகுலர் முறிவுக்காக மே மாதம் அறுவை சிகிச்சை. ஜூலையில் போர்ட்லாந்து அணி எடுத்தது, எலும்பு கூடவில்லை, ஒரு ஆட்டம்கூட ஆடாத அவரை நவம்பரில் அணி விடுவித்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 2021-இல் பார்சிலோனா அணிக்கே திரும்பி ஸ்பானிய லீக் கோப்பையை வென்றார். 41 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிவிட்டு, அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

கால்சியம் பானம் குடித்தால் எலும்பு எஃகாகிவிடும் என்று மாலைதோறும் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். கால்சியம் தேவைதான். ஆனால் ஆஸ்டியோபிளாஸ்ட் கேட்கும் மாதக்கணக்கான ஓய்வை எந்தப் பானமும் தராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெடுந்தூரம் நடந்த படைவீரர்களின் பாத வீக்கத்தை, அதாவது இதே முறிவின் அறிகுறியை, பிரைட்ஹாப்ட் என்ற புருசிய ராணுவ மருத்துவர் 1855-இலேயே பதிவு செய்தார். எக்ஸ்ரே வர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. நாள் முழுக்க நின்றும் நடந்தும் வேலை செய்பவர்களுக்கும் இதே எலும்புகள்தான். நட்சத்திர வீரர்களின் பாதங்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது அவர்களைப் பற்றிய ஆய்வுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு செய்தி. கணுக்காலுக்கு முன்னால், பாதத்தின் மேற்புறத்தில், ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது, ஓடினால் கூடுகிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது என்றால் அலட்சியம் வேண்டாம். நேவிகுலர் முறிவு சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் வலி தொடர்ந்தால், எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை ஓட வேண்டாம்.